பொன்னாடை போர்த்திய அலுமாரி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் கோயில் கொண்ட காமாட்சி அம்மன் மேல் சத்தியம். அம்மன் தூரத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்காது என்று நினைப்பவர்களுக்காக, சட்டைப் பைக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என் இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியின் மேலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். ஒருவர் பேசியதாக நான் எழுதினால் அவர் அதைத்தான் பேசினார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. என்னுடைய காது அப்படிப்பட்டது. முப்பது வருடம் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நின்றவன் நான். முதலாளி மட்டும்தான் இத்தாலியன், குசினி முழுக்க யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆட்கள். அந்தப் புகைக்கும் சத்தத்துக்கும் நடுவில், கோப்பை கழுவுகிறவன் முணுமுணுப்பதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

சாரங்கா என் தங்கை சுந்தரேஸ்வரியின் ஒரே மகள். டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவள். பிறக்கும்போதே வாயைத் திறந்தபடி வந்தாள், அதன் பிறகு மூடவில்லை. தமிழ்க் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கும் மாமிமார், தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்லும் தலைவர், யாரையும் கொஞ்ச நேரம் பார்த்தாளென்றால் போதும். சம்பந்தப்பட்டவரே வந்து நின்று 'இது நானெல்லோ' என்று கேட்கும்படி செய்து காட்டுவாள். அவளுடைய உச்சப் படைப்பு, தாய் தொலைபேசியில் கதைப்பது. ஒரு கையில் வடைக் கரண்டி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். போனுக்குள் கனடா மச்சாள். "ஓமடியப்பா, ஓம், நீ சொல்லு" என்று தேன் ஒழுகும். உடனே போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இவள் வைக்க மாட்டாள் போல கிடக்கு, அடுப்பைக் குறையடி" என்று நெருப்புப் பறக்கும். மறுபடி தேன். இதை அவள் செய்து காட்டும்போது சுந்தரேஸ்வரியே சிரித்துப் புரையேறிவிடுவாள். பிறகு கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கனடாவுக்குப் போன் எடுத்து முறையிடுவாள்.

மேடையில் நின்று வாயைத் திறந்து கதைக்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்த நாலு வருடமும் அரசாங்கப் பணத்தில் ஒரு பெரிய நிறுவனம் இந்த ஆசைக்கு எதிராகத்தான் இராப்பகலாக வேலை செய்தது.

அந்த நாடகப் பள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் போகலாம், ரயில் வந்தால். நுழைவுத் தேர்வுக்கு நானும் போனேன். எந்த அலுவலகத்துக்குப் போவதென்றாலும் என் தங்கை என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். ஆள் உயரம், கோட்டுப் போட்டால் வழக்கறிஞர் மாதிரி இருப்பேன் என்பது அவளுடைய கருத்து.

தேர்வுக் குழுவில் ஐந்தாறு பேர், எல்லாரும் கறுப்பு உடுப்பு. முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உன்னைப் பாதித்த கலைஞர் யார் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பெரிய பெரிய மேதைகளைச் சொன்னார்கள். சாரங்கா, "என்னுடைய அம்மா போன் கதைக்கிறது" என்று சொல்லி அங்கேயே செய்தும் காட்டினாள். குழு சிரித்தது. ஒருவர் மேசையில் தலையைக் குத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, தேவாலயத்தில் ஏப்பம் விட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளியின் தலைவி, புரொபெசர் கிளிங்க்ஹமர், எழுந்து நின்றார். திறந்த கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டதை அப்படியே தருகிறேன்: "நாங்கள் சிரித்துவிட்டோம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறோம். உன்னிடம் திறமை இருக்கிறது என்பது கவலைக்குரிய விசயம்தான். ஆனால் நீ பயப்பட வேண்டாம். எங்களிடம் நாலு வருடம் இருக்கிறது. எடுத்துவிடலாம்."

பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் லட்டுக் கொடுத்தோம்.

முதல் வருடம் முழுக்கப் பிள்ளைகள் படுத்தார்கள். நான் கேலி செய்யவில்லை. பள்ளியைப் பெற்றோர் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். உள்ளே போனால் பெரிய மண்டபம், அதில் பிள்ளைகள் எல்லாம் நிலத்தில் மல்லாக்கக் கிடக்கிறார்கள்.

சுந்தரேஸ்வரி என் கையைப் பிடித்தாள். "அண்ணை, ஏன் எல்லாரும் விழுந்து கிடக்கினம்? காஸ் ஏதும் கசியுதோ?"

"மெல்லக் கதை. பயிற்சி நடக்குது."

"என்ன பயிற்சி? இவள் வீட்டிலை மத்தியானம் வரைக்கும் இதைத்தானே செய்தவள்? அப்ப நான் ஏசினனான். இஞ்சை இதுக்கு அவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு எண்டு பேரோ?"

புரொபெசர் எங்களிடம் வந்து விளக்கினார். "உங்கள் மகள் பேச முடியும் என்ற நம்பிக்கையோடு இங்கே வந்தாள். பேச்சுக்கு முன்னால் மூச்சு இருக்கிறது. மூச்சுக்கு முன்னால் தரை இருக்கிறது. இந்த வருடம் நாங்கள் தரையை முடிப்போம். என்னுடைய மாணவர்களில் மிகச் சிறந்தவர் இன்னும் எழும்பவில்லை. அவர் இப்போது இங்கே பேராசிரியர்."

நான் தலையாட்டினேன். இந்த நாட்டில் தலையாட்டுவது தனிக் கலை. வேகமாக ஆட்டினால் விளங்கவில்லை என்று நினைப்பார்கள். மெதுவாக, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து ஒரு 'கெனாவ்' போட வேண்டும். 'அதேதான்' என்று அர்த்தம். சரியான இடத்தில் போட்ட ஒரு கெனாவுக்கு இந்த நாட்டில் திறக்காத கதவு இல்லை. புரொபெசர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, பெற்றோர்களில் நீங்கள் ஒருவர்தான் புரிந்துகொண்டீர்கள் என்றார்.

இரண்டாம் வருடம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளாக மாற வேண்டும். சாரங்காவுக்குக் கிடைத்தது, ஈரச் சுண்ணாம்புச் சுவர். வீட்டுக்கு வந்தாலும் பிள்ளை குசினி மூலையில் நிற்கும்.

"வந்து சாப்பிடன்."

"பொறுங்கோ அம்மா. காயுறன்."

"எப்ப காய்ஞ்சு முடியும்? புட்டு ஆறுது."

"அடுத்த கிழமை சோதினை. முழுக்கக் காய்ஞ்சிடக் கூடாது எண்டு புரொபெசர் சொன்னவ." பிறகு என்னைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "மாமா, என்னோடை படிக்கிற சோபி வெங்காயம். அவளுக்காவது உரிக்க ஏதோ இருக்கு. நான் ரெண்டு வருசமா ஒரு வசனம் கதைக்கேல்லை. நித்திரையிலை கதைக்கத் தொடங்கிட்டன்."

"அது உண்மைதான் அண்ணை," என்றாள் தங்கை. "நேத்து விடிய என்ரை குரலிலை என்னையே ஏசினவள்."

மூன்றாம் வருடம் நல்ல செய்தி வந்தது. நகரத்துப் பெரிய அரங்கும் பள்ளியும் சேர்ந்து ஒரு நாடகம் போடுகின்றன. பெயர் 'இல்லாமை'. நெறியாளுகை புரொபெசர் கிளிங்க்ஹமர். நடுநாயகப் பாத்திரம் சாரங்காவுக்கு. சுந்தரேஸ்வரி கனடாவுக்கு, லண்டனுக்கு, நோர்வேக்கு எல்லாம் போன் எடுத்துச் சொல்லி முடித்த பிறகுதான் சாரங்கா மிச்சத்தைச் சொன்னாள்.

"மேடைக்கு நடுவிலை ஒரு அலுமாரி நிக்கும், அம்மா. நான் அதுக்குள்ளை இருப்பன்."

"எப்ப வெளியிலை வருவாய்?"

"வரமாட்டன்."

"உள்ளை இருந்து என்ன கதைப்பாய்?"

"கதைக்கமாட்டன்."

"அப்ப மேக்கப்?"

இதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று நாங்கள் மூவரும் கேட்கப் போனோம். புரொபெசரும் அரங்கின் தலைவரும் எதிரே இருந்தார்கள். தலைவரை இவர்கள் இன்டென்டன்ட் என்பார்கள். பெயர் டொக்டர் வின்டர்ஹால்டர். கழுத்தில் வெயில் காலத்திலும் ஒரு கம்பளிச் சால்வை. குரல் எழுந்தால் கூடவே சால்வையும் எழும். சாரங்கா நியாயமான ஒரு கேள்விதான் கேட்டாள்: ஒருவரும் என்னைப் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போவதுமில்லை, அப்படியென்றால் அலுமாரி வெறுமையாக இருந்தால் என்ன?

டொக்டர் வின்டர்ஹால்டர் எழுந்தார். "வெறும் அலுமாரி என்பது பொய். இது மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் அரங்கு. ஐம்பது யூரோ கொடுத்து வரும் பார்வையாளருக்கு, உள்ளே ஒருவர் உண்மையாகவே கஷ்டப்படுகிறார் என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நான் உயிர் உள்ளவரை காப்பேன்."

"ஏன் நான்தான்?" என்று கேட்டாள்.

இப்போது புரொபெசர். "ஏனென்றால் நீ குரலற்றவர்களின் குரல். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பதற்கென்றே அமைச்சு எங்களுக்கு நிதி தருகிறது. நீ பேசிவிட்டால் நீ குரலற்றவள் இல்லை. நிதி நின்றுவிடும். நிதி நின்றால் உனக்கு யார் குரல் கொடுப்பது?"

எனக்கு இதில் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. கெனாவ் என்றேன். சாரங்கா மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாள்.

மிச்சத்தைத் தீயணைப்புச் சட்டம் செய்தது. இந்த நாட்டில் நாடகம் நடக்கும்போது மேடையின் பக்கத்தில் ஒரு தீயணைப்பு வீரர் இருந்தே ஆக வேண்டும். அவர் பெயர் ஊவே. மலை மாதிரி மனிதர், சின்ன முக்காலி. சட்டப்படி, ஆள் உள்ளே போனதை ஊவே தன் கண்ணால் பார்க்காமல் திரை விலகக் கூடாது. கதவு நடுவில் தானாகத் திறந்து யாருக்கும் அடிபடாமல் இருக்க வெளியே ஒரு கொண்டி. நாடகம் முடிந்த பிறகுதான் ஊவே கொண்டியைக் கழற்றுவார். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நான் கையால் சைகை காட்டிக் கேட்டேன். அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நல்ல மனிதர்.

முதல் காட்சிக்குத் தமிழ்ப் பாடசாலையின் வான் வண்டியில் போனோம். பிள்ளையின் அரங்கேற்றம் அல்லவா? மாலை, பொன்னாடை, குங்குமம், வண்டியின் பின்பக்கக் கதவுக்குள் இரண்டு பெரிய பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ். முன்வரிசையில் பட்டுச் சேலைகளோடு உட்கார்ந்தோம்.

நாடகம் நாலு மணித்தியாலம். மேடையில் நாலைந்து ஆண்கள், எல்லாரும் உள்ளாடையோடு, ஒருவர் அதுவும் இல்லாமல். வாளி வாளியாகத் தயிரைக் கொண்டுவந்து ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றிக்கொண்டு கத்தினார்கள். சுந்தரேஸ்வரி சேலைத் தலைப்பால் முதலில் தன் கண்ணை மூடினாள், பிறகு என் கண்ணையும் மூடினாள். நடுவில் அலுமாரி பேசாமல் நின்றது. இருந்த கூட்டத்தில் ஒழுக்கமாக உடுத்திக்கொண்டு நின்றது அது ஒன்றுதான்.

மூன்றாம் மணித்தியாலத்தில் எல்லாரும் கத்துவதை நிறுத்தினார்கள். அசையாமல் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை.

இங்கேதான் நடந்தது நடந்தது. எங்களுடைய விழாக்களில் மேடையில் சத்தம் நின்றால் ஒரே அர்த்தம்தான்: நிகழ்ச்சி முடிந்தது, அடுத்தது கௌரவிப்பு. யாராவது உடனே ஏறாவிட்டால் விழாவுக்கே அவமானம். அந்த அமைதி கலைக்காக விடப்பட்ட அமைதி என்றும், புரொபெசர் அதற்கு மட்டும் ஆறு கிழமை ஒத்திகை பார்த்தார் என்றும் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சுந்தரேஸ்வரி என்னை இடித்தாள். "அண்ணை, எழும்புங்கோ. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

ஏறினோம். தயிரில் வழுக்காமல் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை உள்ளே, கொண்டி வெளியே, ஊவேயின் சட்டத்தை நான் மீற மாட்டேன். ஆகவே பொன்னாடையை அலுமாரிக்குப் போர்த்தினேன். சுந்தரேஸ்வரி கைபிடியில் மாலையைப் போட்டு, கதவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மேடை ஏறியவன் இரண்டு வார்த்தை பேசாமல் இறங்குவது அழகில்லை. சபையைப் பார்த்து வணக்கம் சொன்னேன். மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். சாம்பல் நிறக் காரை எங்கள் வானுக்குப் பின்னால் விட்டவர் தயவுசெய்து எடுக்க வேண்டும், றோல்ஸ் பின்பக்கக் கதவுக்குள் இருக்கிறது, எடுக்க முடியாமல் இருக்கிறது என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

அலுமாரிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா! இறங்குங்கோ! ஐயோ மாமா, கடவுளே, இறங்குங்கோ!"

அரங்கு முழுக்க அழுதது. பொய்யில்லை, முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளாடைக்காரர்களில் ஒருவரும் அழுதார். எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் வந்ததை வரிக்கு வரி தருகிறேன்: "இழந்த தாய்நிலத்தைச் சவப்பெட்டியாக்கிப் பட்டு உடுத்தும் அந்த முதியவரின் ஒப்பாரியும், அதற்கு உள்ளிருந்து எழும் ஆதிக் கேவலும், இந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய அரங்க நிகழ்வு."

காரை ஒருவரும் எடுக்கவில்லை.

மறுநாளே அழைத்தார்கள். இனி ஒவ்வொரு காட்சியிலும் நாங்கள் ஏற வேண்டும். ஒத்திகை வேறு. புரொபெசர் என்னைப் படியில் ஏற்றி ஏற்றி இறக்கினார். "நீங்கள் உங்களைப் போலவே ஏற வேண்டும். இப்போது ஏறியவர் நீங்கள் இல்லை. நேற்று ஏறியவர்தான் நீங்கள். தயவுசெய்து, இன்னும் கொஞ்சம் மூட்டு வலியோடு." சாரங்காவுக்கும் வசனம் கிடைத்துவிட்டது. காட்சிக்குக் காட்சி, அலுமாரிக்குள்ளிருந்து, 'மாமா இறங்குங்கோ'.

"பாருங்கோ அண்ணை," என்றாள் தங்கை பெருமையாக, "உங்களாலை பிள்ளைக்கு ஒரு வசனம் கிடைச்சிருக்கு."

பிள்ளை என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

இந்த நாட்டில் ஒரு நாடகம் பிடித்துவிட்டால் விட மாட்டார்கள். வருடக்கணக்காக ஓட்டுவார்கள். லைப்சிக்குக்கு அலுமாரியோடு போனோம், எர்லாங்கனுக்குப் போனோம். எர்லாங்கனில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். அவர்கள் மட்டும் என் பேச்சுக்குச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் அவர்களை, மனிதத்தன்மை இல்லாதவர்கள் என்று வெளியே அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பொன்னாடையைத் தயிரோடு மடித்து, கழுவக் கொடுத்து, திரும்பப் போர்த்தினோம். அலுமாரிக்கு அதுவரை கிடைத்த மரியாதை எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்கள் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

நாலாம் வருடம் வந்தது. படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாசல்தான். நாட்டிலுள்ள அரங்குகளின் தலைவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி உட்காருவார்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறித் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்து காட்ட வேண்டும். பிடித்தவர் வேலை கொடுப்பார். அன்றைக்குத் தவறினால் அவ்வளவுதான். சாரங்கா தாயின் தொலைபேசியை முழு நீளமாக எழுதி, டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பழகி வைத்திருந்தாள். நாள் சொன்னார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம். அதே ஞாயிறு பின்னேரம் 'இல்லாமை'.

விடுப்புக் கேட்டுப் போனோம். டொக்டர் வின்டர்ஹால்டரின் சால்வை எழுந்தது. "நடிகையாக வேண்டும் என்கிறாய். நீதான் நடிகையாகிவிட்டாயே. இந்த நாட்டிலேயே அதிகம் பேசப்படும் நடிகை நீ. ஒருவரும் உன் முகத்தைப் பார்த்ததில்லை என்பது உன் வெற்றி. அதை ஏன் முகத்தைக் காட்டிக் கெடுக்கப் பார்க்கிறாய்? இந்த ஆண்டு எங்கள் அரங்கின் கருப்பொருள், விடுதலை. ஆகவே ஆண்டு முடியும்வரை ஒருவரும் வெளியே போக முடியாது."

அன்று சாரங்கா எங்கள் குசினியில் கதிரையில் உட்கார்ந்து, இன்டென்டன்டைச் சால்வையோடு செய்து காட்டினாள். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது பார்த்தால், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் தட்டிப் பாத்திட்டன் மாமா. உள்ளை இருந்து கதவிலை தட்டினன். நல்லா இருக்கு, ஒவ்வொரு முறையும் தட்டு எண்டு சொல்லிப்போட்டினம். பாட்டுப் பாடினன். அதையும் சேத்திட்டினம். நான் என்ன செய்தாலும் அது நாடகம். அதுக்குள்ளையே கிழவியாப் போவன்."

சுந்தரேஸ்வரி கரண்டியை வைத்தாள். அவள் கரண்டியை வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சட்டம் என்ன சொல்லுது?"

"உள்ளை ஒரு ஆள் இருக்க வேணும்."

"என்ன ஆள் எண்டு சொல்லுதோ?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு முழங்கால் ஏலாது," என்றேன்.

"கதிரை வைக்கலாம்," என்றாள் தங்கை.

"எனக்குப் பிறசர்."

"குளிசையைக் கொண்டு போங்கோ."

"அப்ப பொன்னாடை ஆர் போர்த்துறது? பேச்சு ஆர் பேசுறது?"

"உங்கடை பேச்சோ? கார், வான், றோல்ஸ். அது எனக்குப் பாடம்."

ஞாயிறு வந்தது. ஊவே முக்காலியில் இருந்தார். நான் அலுமாரியைக் காட்டி, என்னைக் காட்டி, தூரத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற சாரங்காவைப் பார்த்தார், சுந்தரேஸ்வரி நீட்டிய றோல்ஸைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்தார். அவர் சொன்னது இது: "சட்டத்தில் ஒரு மனிதர் என்றுதான் இருக்கிறது. உள்ளே போவது மனிதர் என்பதை நான் என் கண்ணால் பார்க்கிறேன். இந்தக் கட்டிடத்தில் அதை நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் அதிகம் வருவதில்லை." கொண்டி விழுந்தது. சாரங்கா ஓடும் சத்தம் கேட்டது.

அலுமாரிக்குள் இருட்டு. பழங்கஞ்சி மாதிரிப் புளித்த தயிர் மணம். மூச்சுக்கு விரல் அளவில் ஓர் ஓட்டை. நிமிர்ந்தால் தலை இடிக்கிறது, குனிந்தால் மூச்சு முட்டுகிறது, கதிரை ஒரு காலில் ஆடுகிறது. வெளியே கத்துகிறார்கள். என் கை பட்ட இடத்தில் பலகையில் நகக் கீறல்கள். விரலால் தடவிப் பார்த்தேன். பிள்ளை இத்தனை நாள் தன்னுடைய வசனங்களை அங்கே எழுதி வைத்திருந்தாள். 'அடுப்பைக் குறையடி' என்ற இடம் எனக்கே விரலில் தட்டுப்பட்டது. முதல் முறையாக எனக்குக் கெனாவ் என்று சொல்ல வரவில்லை.

அமைதி வந்தது. சுந்தரேஸ்வரியின் செருப்புச் சத்தம். பொன்னாடை மேலிருந்து விழுந்து சரியாக மூச்சு ஓட்டையை மூடியது. விரலை விட்டுத் தள்ளிக்கொண்டேன்.

அவள் வணக்கம் சொன்னாள். மண்டபத்துக்கு நன்றி சொன்னாள். காருக்கு வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள்.

"இதுக்குள்ளை என்ரை பிள்ளை இல்லை," என்றாள். "நீங்கள் மூண்டு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருக்கிறது என்ரை அண்ணையை. அந்த மனிசனுக்குப் பிறசர். என்ரை பிள்ளை கதைக்கப் போயிட்டுது. அவள் கதைச்சால் நீங்கள் வயிறு நோகச் சிரிப்பியள். அவளைக் கொண்டுவந்து பலகைக்குள்ளை பூட்டி வைச்சிட்டு, வந்திருந்து அழுறியள். உங்களுக்கு என்ன வருத்தம், பிள்ளையள்? ஆராவது எழும்பி இந்தக் கொண்டியைக் கழட்டுங்கோவன்."

ஒருவரும் எழும்பவில்லை. மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்டது. நான் 'இறங்கு' என்று வசனம் சொல்ல வேண்டிய இடம். என்னுடைய வாய்க்குள்ளிருந்து வந்தது வேறு. "தங்கச்சி, நீ இறங்காதை! இன்னும் சொல்லு!"

சொன்னாள். அந்தக் காட்சி ஐந்து மணித்தியாலத்தைத் தொட்டதாம். கைதட்டல் மழை மாதிரி விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அலுமாரியின் ஓட்டைக்குப் பக்கத்தில் கம்பளிச் சால்வை தெரிந்தது. டொக்டர் வின்டர்ஹால்டர் குனிந்து, ஓட்டைக்குள் வாயை வைத்து, குரல் நடுங்கப் பேசினார். அவர் சொன்னது என் காதுக்குள் இன்னும் இருக்கிறது: "ஐயா, இன்று நான் தோற்றேன். இந்தக் கட்டிடத்தை நான் இருபது வருடமாக நடத்துகிறேன். இதற்குள் ஒருவருக்கும் சொல்ல எதுவும் இருந்ததில்லை, அதனால்தான் கத்துகிறோம். சொல்ல இருந்த ஒரு பிள்ளை வந்தது. பயந்து பூட்டினோம். நீங்கள் எங்களை மன்னித்து, எழுந்து, வீட்டுக்குப் போகலாம்."

ஒரு பெரிய மனிதர் இப்படி இறங்கி வரும்போது நான் என்ன கல்லா? கண்ணைச் சுருக்கி, அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, நிறைவாகச் சொன்னேன். "கெனாவ்."

அவர் வெளியே ஏதோ சத்தமாகச் சொல்ல, எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள்.

ஊவே கொண்டியைக் கழற்றும்போது சாரங்கா ஓடி வந்துவிட்டாள். தலை கலைந்து, முகம் எல்லாம் பல்லாக.

"மாமா! கிடைச்சிட்டுது! லைப்சிக்கிலை, சின்னப் பிள்ளையளுக்கு நாடகம் போடுற இடம். நான் தாரா, வாத்து வேசம். வாயாடித் தாரா. முதலிலை இருந்து கடைசி வரைக்கும் வாய் மூடாது! அம்மான்ரை போனைச் செய்தனான், முழுப் பேரும் சிரிச்சவை. பிறகு வெக்கப்பட்டவை. அந்த லைப்சிக் மனிசி மட்டும் வெக்கப்பட மறந்துபோய்ச் சிரிச்சுக்கொண்டே இருந்தவ."

சுந்தரேஸ்வரி அவள் முகத்தைப் பிடித்து, அலுமாரிக்கு என்று கொண்டுவந்த குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தாள். நான் கதிரையோடு சேர்ந்து எழும்ப முயன்றுகொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் நின்ற உள்ளாடைக்காரர் சாரங்காவிடம் ஏதோ சொன்னார். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமா, இன்டென்டன்ட் உங்களிட்டை என்ன கேட்டவர்?"

"மன்னிப்புக் கேட்டவர்."

"இல்லை மாமா. பிள்ளை போனால் பரவாயில்லை, உங்கடை இருப்பிலை ஒரு முதிர்ச்சி தெரியுது, இன்னும் மூண்டு வருசம் உள்ளை இருக்கச் சம்மதமோ எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டவராம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பிள்ளை எங்கேயோ பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் திரும்பி ஊவேயிடம் கேட்க, அவரும் தலையாட்டினார். இந்த அரங்குகளில் வாயால் சொன்ன சொல்லுக்கு மரியாதை அதிகமாம்.

சாரங்கா இப்போது லைப்சிக்கில் தாராவாக இருக்கிறாள். சுந்தரேஸ்வரி ஒவ்வொரு காட்சியிலும் ஏறி மனம் போனபடி பேசுகிறாள்; ரசிகர் மன்றம் இருக்கிறது. இந்தக் கதையை நான் எழுதுவது மூச்சு ஓட்டையால் வரும் வெளிச்சத்தில், முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டு. வெளியே தயிர் ஊற்றுகிறார்கள். கடைசி வருடம் நடக்கிறது. போன கிழமை டொக்டர் வின்டர்ஹால்டர் வந்து ஓட்டைக்குள் இன்னும் ஏதோ கனிவாகக் கேட்டார், நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

எல்லாம் எழுதிவிட்டேன். விட்டுப்போன தகவல் ஒன்றே ஒன்றுதான்: இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருடமாகிறது, எனக்கு டொச் தெரியாது.